நளினம் என்னும் எழுதப்படாத விதி

2024 ஜூன் மாதம் லாஸ் வேகாஸ் நகரில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தன் விதிப்புத்தகத்திலிருந்து ஒரு தடையை நீக்கியது. பனித்தளத்தில் உடலைப் பின்னோக்கிச் சுழற்றி அடிக்கும் கரணம், பேச்சுவழக்கில் சொன்னால் அந்தர்பல்டி, இனிக் குற்றமன்று. 1976 இன்ஸ்புரூக் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டெர்ரி குபிச்கா அதைச் செய்துகாட்டியதை அடுத்து வந்த தடை அது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின், இத்தகைய கரணங்கள் கண்ணைக் கவர்பவை, அவற்றை இன்னும் விலக்கி வைப்பதில் பொருளில்லை என்று சங்கமே காரணமும் சொல்லிற்று. செய்தி வந்ததும் பலரும் நினைவுகூர்ந்த பெயர் சூர்யா போனாலி. கலகக்காரி, முன்னோடி, காலத்தை முந்திப் பிறந்தவர் என்று பாராட்டுகள் குவிந்தன. அவற்றைப் படிக்கையில் நமக்கு மகிழ்ச்சியைவிட எரிச்சலே மிகுந்தது.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. போனாலிக்கு மறுக்கப்பட்டது கரணம் அடிக்கும் உரிமை மட்டுமாக இருந்திருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். அவருக்கு மறுக்கப்பட்டது முதலிடம். மறுக்கப் பயன்பட்டது, எந்த விதிப்புத்தகத்திலும் வரையறுக்கப்படாத, ஆனால் எல்லா நடுவர்களுக்கும் தெரிந்திருந்த ஓர் அளவுகோல்: நளினம். கரணத்துக்கான தடையை எடுத்துவிடலாம், அது எழுதப்பட்ட விதி. எழுதப்படாத விதியை யார் எடுப்பது? இந்தக் கேள்வியை மறைக்கும் திரையாகவே இன்றைய புகழுரைகள் நமக்குத் தோன்றுகின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஏனெனில் போனாலியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள். 1973 டிசம்பர் 15 அன்று பிரான்சின் நீஸ் நகரில் பிறந்த அவரைக் குழந்தைப் பருவத்திலேயே சூசான், ஜார்ஜ் போனாலி தம்பதியர் தத்தெடுத்தனர். கறுப்பினக் குழந்தை, வெள்ளையினப் பெற்றோர். சூர்யா வருணா என்று அவர்கள் வைத்த பெயர் நம் காதுக்கு அந்நியமானதன்று. ஜிம்னாஸ்டிக்ஸின் ஒரு பிரிவான டம்ப்ளிங் பயின்றுவிட்டுப் பனித்தளத்துக்கு வந்தவர். 1989 முதல் 1997 வரை தொடர்ந்து ஒன்பது முறை பிரெஞ்சு தேசியப் பட்டம். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பியப் பட்டம். 1993, 1994, 1995 ஆகிய மூன்று உலகப் போட்டிகளிலும் வெள்ளிப் பதக்கம். ஒலிம்பிக்கில் 1992இல் ஐந்தாமிடம், 1994இல் நான்காமிடம், 1998இல் பத்தாமிடம்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காதரீனா விட்டுக்கு ஆறு ஐரோப்பியப் பட்டங்கள், அவருக்கு முன்னர் சோன்யா ஹெனிக்கு ஆறு. இருவரும் ஒலிம்பிக் தங்கத்தை ஒருமுறைக்கு மேல் வென்றவர்கள். ஐந்து பட்டம் பெற்ற போனாலிக்கு ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம்கூட இல்லை. உலகப் போட்டியில் 1993இல் ஒக்ஸானா பையூல், 1994இல் யூகா சாட்டோ, 1995இல் சென் லூ என்று மூன்று வெவ்வேறு பெண்கள் வென்றனர். மூவரில் எவரும் அந்தப் பட்டத்தை இரண்டாம் முறை பெறவில்லை. மூன்று ஆண்டுகளும் இரண்டாமிடத்தில் இருந்தவர் மட்டும் மாறவேயில்லை. மூன்று தீர்ப்புகளையும் தனித்தனியே நியாயப்படுத்திவிட முடியும். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் தங்கம் போகக்கூடிய இடங்களுக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது புலப்படுகிறது.

அந்தக் கோட்டைப் புரிந்துகொள்ள அன்றைய மதிப்பெண் முறையை அறிய வேண்டும். ஒவ்வொரு நடுவரும் இரண்டு மதிப்பெண்கள் இடுவார், இரண்டுக்கும் உச்சம் 6.0. ஒன்று தொழில்நுட்பத் திறனுக்கு, மற்றொன்று கலை வெளிப்பாட்டுக்கு. இரண்டையும் கூட்டி ஒவ்வொரு நடுவரும் போட்டியாளர்களை வரிசைப்படுத்துவார். நடுவர்களில் பெரும்பான்மையோர் யாரை முன்னே வைத்தார்கள் என்பதே முடிவு. ஒரு நடுவரின் கூட்டுத்தொகை இருவருக்குச் சமமாக வந்தால், நெடிய ஆட்டத்தில் கலை மதிப்பெண் கூடுதலாகப் பெற்றவரே முந்துவார். தாவலில் எத்தனை சுற்று என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம். கலை வெளிப்பாட்டை எண்ண முடியாது. எண்ண முடியாத ஒன்றுக்கே கடைசிச் சொல் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தக் கடைசிச் சொல் யாருடைய ரசனையிலிருந்து வந்தது என்று கேட்பதை அன்று அநாகரிகமாகக் கருதினார்கள்.

1994 மார்ச் மாதம் ஜப்பானின் மாக்குஹாரியில் நடந்த உலகப் போட்டியில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. ஒன்பது நடுவர்களில் ஐவர் சாட்டோவையும் நால்வர் போனாலியையும் முன்வைத்தனர். சாட்டோ அன்று நன்றாக ஆடினார். அவருடைய கால்விளிம்பின் ஓட்டம் இன்றைக்கும் பாராட்டப்படுவது, அதில் நமக்குத் தகராறில்லை. போனாலி பரிசு மேடையில் ஏற மறுத்து அதன் அருகே தரையில் நின்றார். அலுவலர் ஒருவர் வற்புறுத்தி மேலே ஏற்றினார். கழுத்தில் மாட்டப்பட்ட வெள்ளிப் பதக்கத்தை அவர் உடனே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அரங்கம் கூச்சலிட்டது. அழுதுகொண்டே வெளியே வந்தவர், தனக்கு அதிர்ஷ்டமில்லை என்ற அளவுக்கு மேல் செய்தியாளர்களிடம் குற்றம் எதுவும் சாட்டவில்லை. ஆனால் பேசப்பட்டதெல்லாம் அவருடைய ஒழுங்கீனம்தான். நான்கு நடுவர்கள் அவரே உலக வாகையர் என்று கருதினார்கள் என்ற உண்மை அந்தக் கூச்சலில் அமுங்கிப்போயிற்று. பரிசு மேடையில் ஏறாதவர் என்று அறியப்படும் அளவுக்கு, ஒரே ஒரு நடுவரின் வித்தியாசத்தில் பட்டம் இழந்தவர் என்று அவர் அறியப்படவில்லை.

நளினம் பற்றிய தீர்ப்பு பனித்தளத்தில் மட்டும் எழுதப்படவில்லை. அதற்கு வெகு முன்பே அவரைச் சுற்றி ஒரு கதை கட்டப்பட்டிருந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவில் பிறந்தவர் என்று ஊடகங்கள் எழுதின. பயிற்சியாளர் திதியே கயாகே சொன்ன கதை அது. தொலைதூரத் தீவின் கவர்ச்சி வேண்டும் என்பதற்காகப் புனைந்தது என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். நீஸ் நகரத்து மருத்துவமனையில் பிறந்த பிரெஞ்சுப் பெண்ணுக்குப் பிறப்பிடமாகக் கடலுக்கப்பால் ஒரு தீவு தேவைப்பட்டது. கறுப்புத் தோல் உடையவர் ஐரோப்பாவில் இயல்பாகப் பிறந்துவிட முடியாது, எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இந்தப் புனைவுக்கு விலை கொடுத்தது. அதே எண்ணம் அவருடைய ஆட்டத்தையும் விமர்சித்தது. அவரைப் பற்றிய விவரிப்புகளில் வலிமை, தசை, தாவல், துள்ளல் ஆகிய சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. பனிக்கட்டியில் பெண்ணுக்கு உரியவையாகக் கருதப்பட்ட மென்மை, நீட்சி, மிதத்தல் ஆகிய சொற்கள் அரிதாகவே வந்தன. தீவிலிருந்து வந்த சிறுமி பாய்வாள், தாவுவாள். அன்னம்போல் மிதப்பவள் வேறொருத்தி. கதையை முதலில் எழுதிவிட்டு ஆட்டத்தைப் பிறகு பார்த்தார்கள்.

1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக் தொடக்க விழாவில் போட்டியாளர்கள் அனைவர் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் போனாலி. பிரான்ஸ் தன் முகமாக உலகுக்குக் காட்டியது அவரைத்தான். சில நாட்களுக்குள் காட்சி மாறிற்று. பயிற்சி நேரத்தில் அவர் அடித்த ஒரு கரணம், அதே பனித்தளத்தில் பயின்றுகொண்டிருந்த மிதோரி இத்தோவை மிரட்டும் முயற்சி என்று பேசப்பட்டது. இனிச் செய்யக்கூடாதென்று அலுவலர்கள் எச்சரித்தனர். அந்தப் போட்டியின் நெடிய ஆட்டத்தில் அவர் நான்கு சுற்றுத் தாவல் ஒன்றை முயன்றார். அன்று பெண்கள் எவரும் போட்டியில் நிறைவேற்றியிராத தாவல் அது. சுற்று முழுமையடையவில்லை என்று கணிக்கப்பட்டது, அந்தக் கணிப்பு சரியே. ஒரு பெண் அதை ஏற்கத்தக்க வகையில் நிறைவேற்ற 2002 டிசம்பரில் ஜப்பானின் மிகி ஆண்டோ வரவேண்டியிருந்தது. பத்தாண்டுக்கு முன்னரே அந்த எல்லையை முட்டிப் பார்த்தவரின் துணிவு வித்தைக் காட்டலாகப் பார்க்கப்பட்டது. 2022 பெய்ஜிங்கில் அலெக்சாந்திரா துருசோவா ஒரே ஆட்டத்தில் ஐந்து நான்குசுற்றுத் தாவல்களை முயன்று வெள்ளி வென்றபோது அது வரலாறு எனப்பட்டது.

மறுதரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். போனாலியின் தாவல்கள் பலமுறை முழுச் சுற்றை எட்டாமல் தரையிறங்கின. சுழற்சிகளில் வேகமும் வடிவமும் குறைவு. ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓட்டம் துண்டுபட்டது. இவை பொய்களல்ல. பழைய ஒளிப்பதிவுகளைப் பார்ப்பவர் எவரும் இவற்றைக் காணலாம். ஆனால் இவையெல்லாம் எண்ணவும் அளக்கவும் கூடிய குறைகள். சுற்று குறைந்தால் குறைந்தது என்று தொழில்நுட்ப மதிப்பெண்ணில் கழித்துக்கொள்ளலாம். குறை சொன்னவர்கள் அதோடு நிற்கவில்லை. "கலையில்லை" என்றார்கள். கலை என்பது ஒரே ஒரு உடலமைப்புக்கும், ஒரே ஒரு இசைக்கும், ரஷ்யப் பாலே மரபிலிருந்து இரவல் பெற்ற ஒரே ஒரு கையசைவுக்கும் உரியது என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்களுக்குத்தான் அவ்வளவு உறுதியாக அப்படிச் சொல்ல முடியும்.

"டெபி தாமஸ் வென்றாரே" என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், கறுப்பினப் பெண்ணான டெபி தாமஸ் 1986இல் உலகப் பட்டமும் 1988 கால்கரி ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த வெற்றி ஒரு கதவு திறக்கக்கூடியது என்பதற்குச் சான்று, கதவே இல்லை என்பதற்கு அல்ல. 1930களில் நியூயார்க்கில் மேபல் ஃபேர்பேங்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்குப் பனித்தளத்தில் நுழைவதே மறுக்கப்பட்டது, சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் போட்டியிட முடியாமலே போயிற்று. பிறருக்குப் பயிற்சியளித்தே வாழ்ந்த அவருக்கு 1997இல் அமெரிக்க ஸ்கேட்டிங் புகழரங்கில் இடம் கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தாமதம். விலக்கி வைத்தல் முதலில் வாசலில் நடந்தது. வாசல் திறக்கப்பட்ட பின் மதிப்பெண் அட்டைக்குள் இடம்பெயர்ந்தது. முன்னதைக் கண்ணால் காண முடிந்தது. பின்னதை ரசனை என்று அழைத்தார்கள்.

இது நிறத்தின் கதை மட்டுமன்று என்பதற்கு டோன்யா ஹார்டிங் இருக்கிறார். போர்ட்லாண்டின் வறிய வெள்ளைக் குடும்பத்துப் பெண், 1991இல் மூன்றரைச் சுற்றுள்ள ட்ரிப்பிள் ஆக்செலைப் போட்டியில் நிறைவேற்றிய முதல் அமெரிக்கப் பெண். 1994இல் நான்சி கெரிகன் தாக்கப்பட்ட வழக்கில் விசாரணைக்கு இடையூறு செய்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வாழ்நாள் தடை பெற்றார். அந்தக் குற்றத்தை நாம் சிறிதாக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே அவருடைய வீட்டில் தைத்த உடையும் இசைத் தேர்வும் பேச்சும் இந்த விளையாட்டின் கனவான்களுக்கு உறுத்தலாக இருந்தன. தசை தெரியத் தாவும் பெண், ஏழையாயினும் கறுப்பாயினும், இளவரசி வேடத்துக்குப் பொருந்துவதில்லை. நளினம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நிறமும் வர்க்கமும் பெண்மை பற்றிய பழங்கருத்தும் ஒருசேரக் குடியிருந்தன.

நடுவர்களின் கண் தூய்மையானது என்ற நம்பிக்கைக்கு 2002இல் முடிவு வந்தது. சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் இணையர் போட்டியில் மீண்டும் ஐந்துக்கு நான்கு. ரஷ்ய இணையருக்குத் தங்கம். பிரெஞ்சு நடுவர் மரி-ரேன் லெ குஞ் தமக்கு அழுத்தம் தரப்பட்டதாகக் கூறினார், பின்னர் அதை மறுத்தார். கனடிய இணையருக்கும் ஒரு தங்கம் வழங்கப்பட்டது. அந்த நடுவரும் பிரெஞ்சு சம்மேளனத் தலைவரும் மூன்றாண்டுகள் விலக்கி வைக்கப்பட்டார்கள். அந்தத் தலைவர் வேறு யாருமல்லர், ரெயூனியன் கதையைப் புனைந்த அதே திதியே கயாகே. இந்தப் புயலில்தான் 6.0 முறையே மறைந்தது. 1994 மாக்குஹாரித் தீர்ப்பு விலைபேசப்பட்டது என்று நாம் சொல்லவில்லை, அதற்குச் சான்று ஏதுமில்லை. நாம் சொல்வது இது: பேரம் பேசக்கூடிய அளவுக்கு நெகிழ்வான ஒரு மதிப்பெண்ணைக் கலையின் தீர்ப்பென்று பல தலைமுறைகள் வணங்கி வந்தன. பேரமில்லாத நாட்களில் அதே நெகிழ்வுக்குள் பழக்கமும் அருவருப்பும் எளிதாக நுழைந்திருக்கும். அதற்குச் சதி தேவையில்லை. நல்லவர்கள் ஒன்பது பேர் போதும்.

இனி நாகானோ. 1996இல் குதிகால் தசைநார் அறுந்த பின் போனாலியின் உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1998 பிப்ரவரியில் 24 வயதில் தம் மூன்றாம் ஒலிம்பிக்குக்கு வந்தார். குறுகிய ஆட்டத்தில் ஆறாமிடம். நெடிய ஆட்டத்தில் விழுந்தார், பதக்கம் கைநழுவிவிட்டது. அப்போது அந்தத் தடைசெய்யப்பட்ட கரணத்தை அடித்தார், ஒற்றைக் காலின் பிளேடில் இறங்கினார். ஆட்டம் முடிந்ததும் நடுவர்களுக்கு முதுகைக் காட்டி மக்களை நோக்கி வணங்கினார்.

ஒற்றைக் கால் என்பதைக் கவனிக்க வேண்டும். கரணத்துக்கு எதிராக ஆபத்து என்ற காரணத்தோடு இன்னொன்றும் சொல்லப்பட்டு வந்தது. ஸ்கேட்டிங் தாவல் ஒரு காலில் இறங்க வேண்டும், கரணத்திலோ இரு கால்களிலும் இறங்குகிறார்கள், எனவே அது இந்தக் கலையைச் சேர்ந்ததல்ல என்பதே அது. போனாலி அந்த வாதத்துக்கு வாயால் விடை சொல்லவில்லை. எது குறை என்றீர்களோ அதை நீக்கிக் காட்டுகிறேன் என்று பனிக்கட்டியின் மேல் செய்துகாட்டினார். அவர் பத்தாமிடம் பெற்றதற்கு அன்று விழுந்ததும் காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்சேபத்துக்கு விடை கிடைத்த பின்னும் 26 ஆண்டுகள் தடை நீடித்தது. அப்படியானால் சொல்லப்பட்ட ஆட்சேபம் மெய்யான ஆட்சேபமாக இருந்திருக்க முடியாது. அந்தக் கரணத்தை அவருடைய கோபமாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். நமக்கு அது ஒரு தர்க்கமாகவே தெரிகிறது.

இங்குதான் இன்றைய பாராட்டுகளுடன் நம் சண்டை. 2019இல் நெட்ஃப்ளிக்ஸ் போனாலியின் வாழ்வை ஓர் ஆவணத் தொடரில் பரிவோடு சேர்த்தது. தொடரின் பெயர் 'லூசர்ஸ்'. ஐந்து முறை ஐரோப்பிய வாகை சூடியவர் தோற்றவர்களின் வரிசையில். தோல்வியை மறுவரையறை செய்யும் நோக்கம் நமக்குப் புரியாமலில்லை. ஆயினும் அந்தப் பெயர் எத்தனை இயல்பாக ஒட்டிக்கொண்டது என்பதே நம் கவலை. 2024 ஜனவரியில் பிரான்சின் ஆதாம் சியாவ் ஹிம் ஃபா ஐரோப்பியப் போட்டியில் தடையை மீறிக் கரணமடித்தார். இரண்டு புள்ளிகள் கழிந்தன, பட்டம் அவருக்கே கிடைத்தது. மார்ச் மாதம் உலகப் போட்டியில் மீண்டும் அடித்தார், பத்தொன்பதாம் இடத்திலிருந்து ஏறி வெண்கலம் வென்றார். அவர் திறமைசாலி, அதில் ஐயமில்லை. ஆனால் மீறல் அவருக்கு இரண்டு புள்ளி விலை. போனாலிக்கு அது ஆட்டவாழ்வின் கடைசிப் பக்கம். ஆண் அடித்தால் துணிச்சல், பெண் அடித்தால் திமிர் என்ற பழைய கணக்கு இங்கும் உண்டு.

கலகக்காரி என்ற பட்டம் மலிவானது. கொடுப்பவருக்கு எந்தச் செலவும் இல்லை. ஒருவரைக் கலகக்காரி என்றுவிட்டால் அவர் விதிக்கு வெளியே நின்றார் என்றாகிவிடுகிறது, விதி தன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. போனாலி விதிக்கு வெளியே நிற்க விரும்பியவர் அல்லர். பத்தாண்டுக் காலம் அதே விதிகளுக்குள், அதே நடுவர்களின் முன்னால், அவர்கள் கேட்ட முக்கோணச் சிரிப்போடும் மினுமினுக்கும் உடையோடும் ஆடி வெல்ல முயன்றவர். அவர் கேட்டது வாகையர் என்ற பெயரை. தங்கத்துக்கு ஈடாக இப்போது ஒரு புராணத்தைக் கொடுக்கிறார்கள். நாகானோவின் அந்தச் சில நொடிகளை மட்டும் ஓயாமல் ஓட்டிக் காட்டும் அன்பர்களும், அறியாமலே, பழைய நடுவர்களின் வேலையைத்தான் செய்கிறார்கள்: கரணம் அடிப்பவள், மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் இதை ஏன் எழுதுகிறோம் என்று கேட்கலாம். ஆறு புள்ளி அட்டை நம் கையிலும் இருக்கிறது என்பதால்தான். ஒரு படைப்பை முன்வைத்து "வலிமையாக இருக்கிறது, ஆனால் கலையாகவில்லை" என்று எழுதாத விமர்சகர் நம்மில் குறைவு. சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். போனாலியின் சுழற்சிகள் மெய்யாகவே பலவீனமாக இருந்ததைப்போல. ஆனால் அந்த வாக்கியத்தை எழுதுபவர், குறை எது என்று விரலால் தொட்டுக் காட்டக் கடமைப்பட்டவர். எந்த வரி, எந்த இடம், எந்தச் சறுக்கல் என்று காட்ட முடிந்தால் அது விமர்சனம். காட்ட முடியாமல் நளினம் போதவில்லை என்று மட்டும் சொன்னால், எழுதியவர் எங்கிருந்து வந்தவர் என்பதைப் பற்றி நாம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போனாலிக்குச் செய்யத்தக்க நியாயம் சிறியதுதான். கரணத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 1994 மாக்குஹாரியின் நெடிய ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், சாட்டோவின் ஆட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். சாட்டோவே சிறந்தவர் என்று உங்களுக்குத் தோன்றலாம், ஐந்து பேருக்குத் தோன்றியதுபோல. அப்படித் தோன்றினால் ஏன் என்று எழுதுங்கள், நளினம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல்.